குளக்கட்டிலும் வயலிலும் கணினி: வாசகர் கேள்வி – பதில்

ஒருவர் குளத்து மட்டம் பற்றிக் கேட்கிறார், ஒருவர் மோட்டர் பற்றிக் கேட்கிறார், இன்னொருவர் மணிக்கூடு தவறுகிறது என்கிறார். வன்னியிலிருந்து வந்த இந்தக் கடிதங்களில் சென்சர் பழுதானது என்று சொல்லக்கூடியவை குறைவு. சென்சருக்கும் போனுக்கும் நடுவே என்ன மென்பொருள் நிற்கிறது, அது எங்கே நிற்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அதனால் இந்த இதழில் அந்த நடுப்பகுதி தொடர்பான கேள்விகளுக்கே இடம் கொடுத்திருக்கிறோம்.

எங்கள் கமக்காரர் அமைப்பின் சிறு குளத்து நீர்மட்டத்தையும் மூன்று வாய்க்கால்களின் ஓட்டத்தையும் போனில் பார்க்க விரும்புகிறோம். முன்பு வாங்கிய கருவி வெளிநாட்டுச் சேவர் ஒன்றோடு மட்டும் பேசியது. இணையம் இல்லாத நாளில் ஒன்றும் தெரியாது. கடைசியில் அந்தச் சேவையும் நின்றுபோனது. இம்முறை எப்படி அமைப்பது?
— வாசகர், துணுக்காய்

நடுவில் நிற்கும் கணினி உங்கள் ஊரில், அமைப்பின் கட்டடத்திலேயே நிற்கட்டும். இணையம் இருந்தால் கொழும்பில் இருப்பவரும் பார்க்கலாம். இணையம் இல்லாவிட்டாலும் துணுக்காயில் இருப்பவர் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய கருவியில் இந்த ஒழுங்கு தலைகீழாக இருந்தது.

ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கையளவு கணினி, 2 ஜிபி நினைவகத்தோடு, இதற்குத் தாராளம். அதில் மூன்று மென்பொருள்கள் ஓடும். செய்திகளை வாங்கிப் பங்கிடும் புரோக்கருக்கு மொஸ்கிட்டோ. அளவுகளைச் சேமிக்க எஸ்கியூலைட். இவற்றை இணைத்துத் திரையில் காட்ட நோட்-ரெட். மூன்றும் இலவசம், மூன்றுக்கும் இணையம் தேவையில்லை. அதே கட்டடத்தில் ஒரு வைஃபை ரவுட்டர் இருந்தால், டேட்டா இல்லாத போனிலும் குளத்து மட்டம் தெரியும்.

சென்சர்கள் புரோக்கரோடு பேசும் முறை எம்கியூடிடி. 1999 இல் ஐபிஎம் நிறுவனத்தின் அண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்கொம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பரும், எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிப்பதற்கு இதை வடிவமைத்தார்கள். இணைப்பு மெலிது, விலை அதிகம், அடிக்கடி அறும் என்ற நிலைமைக்குப் பிறந்த முறை என்பதால் நமது நிலைமைக்கும் பொருந்துகிறது. துரிசில் நிற்கும் சென்சர் ‘குளம்/துரிசு/மட்டம்’ என்பது போன்ற ஒரு தலைப்பில் அளவை அனுப்பும். அதை யார் பார்க்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அடுத்த வருடம் இன்னொரு போனோ சைரனோ சேர்த்தால் துரிசில் எதையும் தொட வேண்டிய வேலை இல்லை.

ஐந்து விடயங்களைத் தொடக்கத்திலேயே சரியாக வையுங்கள். பிறகு மாற்றுவது கடினம்.

மட்டத்தை ‘தக்கவை’ என்ற குறியோடு அனுப்புங்கள். அப்போது புரோக்கர் கடைசி அளவை வைத்திருக்கும். யார் புதிதாகத் திறந்தாலும் உடனே தெரியும். ஆனால் அளந்த நேரத்தையும் செய்திக்குள்ளேயே சேருங்கள். இல்லாவிட்டால் மூன்று நாள் பழைய மட்டத்தை இன்றைய மட்டம் என்று நம்பித் துரிசைத் திறந்துவிடுவார்கள்.

இரண்டாவது, ‘இறுதிச் செய்தி’. சென்சர் இணையும்போதே, “நான் சொல்லாமல் அறுந்தால் ‘இணைப்பு இல்லை’ என்று எல்லோருக்கும் அறிவி” என்று புரோக்கரிடம் சொல்லி வைக்கலாம். ‘நான் இருக்கிறேன்’ என்று சென்சர் அறிவிக்கும் உயிர்ச்சமிக்ஞையின் இடைவெளி 60 விநாடி என்றால் அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 90 விநாடி, சத்தம் இல்லாவிட்டால் புரோக்கர் அந்தச் செய்தியை வெளியிடும். பற்றரியை மிச்சப்படுத்த அடிக்கடி உறங்கும் சென்சருக்கு இது உதவாது, ஏனென்றால் அது ஒழுங்காக விடைபெற்றுத்தான் போகும். அதற்கு நோட்-ரெட்டில் ஒரு விதி எழுதுங்கள்: 15 நிமிடத்துக்கு ஒருமுறை வர வேண்டியது 45 நிமிடம் வராவிட்டால் திரையில் சிவப்பு.

மூன்றாவது, எண்ணிக்கைகளைக் கூட்டுத்தொகையாக அனுப்புங்கள். மழைமானியின் வாளி கவிழும் ஒவ்வொரு தடவையும் ‘ஒன்று’ என்று அனுப்பினால், ஒரு செய்தி தொலைந்தால் கணக்குக் குறையும். பெற்றதாகப் பதில் வரும்வரை மீண்டும் அனுப்பும் ‘தர நிலை 1’ இல் அனுப்பினால் தொலையாது, ஆனால் சிலவேளை அதே செய்தி இருமுறை வரும், கணக்குக் கூடும். ‘இதுவரை மொத்தம் 1,482’ என்று அனுப்பினால் தொலைந்தாலும் இரட்டித்தாலும் பாதிப்பில்லை. வாய்க்கால் ஓட்டத்துக்கும் இதே முறைதான்.

நான்காவது, தலைப்புகளின் பெயர். எம்கியூடிடியில் தமிழிலேயே தலைப்பு வைக்கலாம். மேலே நாங்கள் தமிழில் எழுதியது வாசிக்க வசதியாக. உங்கள் அமைப்பில் தலைப்புகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் வைத்து, திரையில் மட்டும் தமிழில் காட்டுங்கள். காரணம் இதுதான். ‘தொட்டி’ என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். முதல் வகையில் அந்தச் சொல் 18 பைட், இரண்டாம் வகையில் 21 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. புரோக்கர் பைட்டுகளை மட்டும் ஒப்பிடுவதால் அதற்கு அவை வேறு வேறு தலைப்புகள். ஒருவர் ஒரு விசைப்பலகையில் சென்சரையும் மற்றவர் வேறொன்றில் திரையையும் எழுதினால், எல்லாம் சரியாக இருந்தும் அளவு வராது. இந்தப் பிழையைப் பார்வையால் பிடிக்க முடியாது.

கடைசி, அனுமதி. 80 ஹெக்டெயருக்குக் குறைந்த நிலத்துக்குப் பாயும் குளம் என்றால் பெரும்பாலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். குளக்கட்டில் தூண் நடவோ துரிசில் எதையும் பொருத்தவோ முன் எழுத்தில் கேளுங்கள். கட்டின் உச்சியில் தோண்டும் ஒரு குழியை ஒழுங்காக மூடி இறுக்காவிட்டால் மாரியில் அது நீர்க்கசிவின் தொடக்கமாகும்.

அல்ட்ராசோனிக் சென்சர் வைத்திருக்கிறோம். மத்தியானத்தில் குளத்து மட்டம் நாலு அங்குலம் கூடி, இரவில் திரும்பக் குறைகிறது. வான் பாய்ந்த நாட்களில் மட்டம் திடீரென்று ஓர் இடத்திலேயே நின்றுவிட்டது. சென்சர் பழுதா?
— வாசகர், விசுவமடு

இல்லை. இரண்டும் அதன் இயல்பு.

இந்தச் சென்சர் ஒலியை அனுப்பி, அது நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கிறது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தோடு மாறும். 20 பாகை செல்சியஸில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர், 35 பாகையில் 352. உங்கள் நிரலில் 343 என்று நிலையாக எழுதியிருந்தால், 4 மீற்றர் கீழே உள்ள நீர் மத்தியானத்தில் 3.9 மீற்றரில் இருப்பதாகத் தெரியும். அந்த 10 சென்ரிமீற்றர்தான் உங்கள் நாலு அங்குலம். ஒரு டிஎஸ்18பி20 வெப்ப சென்சரை நிழலில் பொருத்தி, வேகம் = 331.3 + 0.606 × வெப்பநிலை என்று கணக்கிடுங்கள்.

வான் பாய்ந்த நாளில் நடந்தது வேறு. ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வகைச் சென்சருக்கு முன்னால் ஏறத்தாழ 20 முதல் 25 சென்ரிமீற்றர் வரை குருட்டு இடம். நீர் அதற்குள் வந்தால் அளவு உறைந்துவிடும் அல்லது தாறுமாறாகப் பாயும். வெள்ளம்தான் அறிய வேண்டிய நேரம். அந்த நேரத்தில்தான் அது குருடு. அதிகூடிய வெள்ள மட்டத்துக்கு மேல் இன்னும் அரை மீற்றராவது உயர்த்திப் பொருத்துங்கள். ஒரே தடவை அளக்காமல் ஐந்து தடவை அளந்து நடுப்பெறுமானத்தை எடுங்கள். குறுக்கே போகும் கொக்கும் மிதக்கும் சல்வீனியாவும் அதில் கழிந்துவிடும். சென்சரின் கூம்புக்குள் குளவி கூடு கட்டும். மாதம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

பணம் இருந்தால் நீரில் அமிழும் அழுத்த சென்சருக்கு மாறுங்கள். 0–5 மீற்றர், 4–20 மில்லியம்பியர் வகை என்றால் ஒரு மில்லியம்பியருக்கு 31.25 சென்ரிமீற்றர். 120 ஓம் மின்தடையில் அது 0.48 முதல் 2.4 வோல்ட் ஆகும். சென்சரைப் படித்து வைஃபையில் அனுப்பும் சிறு தகடான ஈஎஸ்பி32 இல், வோல்ட்டை எண்ணாக மாற்றும் சொந்த அளவி நேர்கோடாக இல்லாததால் ஏடிஎஸ்1115 என்ற தனி அளவியைப் பயன்படுத்துங்கள். ஈஎஸ்பி32 இலேயே அளந்தால் 32 முதல் 39 வரையான முனைகளுக்குள் நில்லுங்கள். ஈஎஸ்பி32 க்குள் உள்ள இரண்டாம் அளவியின் முனைகள் வைஃபை ஓடும்போது வேலை செய்யா. அழுத்த சென்சரின் வயருக்குள் மெல்லிய காற்றுக்குழாய் ஒன்று வரும். அதை சிலிக்கன் பூசி அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் வளியமுக்கம் மாறும்போதெல்லாம் குளம் ஏறி இறங்கும்.

எங்கும் நிறைந்த கணிமை என்பதும் பொருள்களின் இணையம் என்பதும் ஒன்றா? உயர்தர மாணவி ஒருத்தி இதில் செய்திட்டம் செய்வதானால் எதைச் செய்யலாம்?
— மாணவி, கிளிநொச்சி

பொருள்களை வலையில் இணைப்பது ஒரு பகுதி. கணினி கண்ணில் படாமல் சூழலோடு கலந்து வேலை செய்ய வேண்டும் என்பது முழு எண்ணம். 1988 அளவில் அமெரிக்காவின் ஸெரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் மார்க் வைசர் இந்த எண்ணத்தைத் தொடங்கினார். 1991 இல் அவர் எழுதிய கட்டுரையால் அது பரவியது. உள்ளங்கையளவு, தாளளவு, சுவரளவு என்று மூன்று அளவில் கருவிகள் செய்தார்கள்.

அந்தக் கருவிகளை விட அவற்றுக்குப் பின்னால் இருந்த மென்பொருளைப் படியுங்கள். உள்ளங்கைக் கருவியில் வலு மிகக் குறைவு. அது அகச்சிவப்பு ஒளியால் அறையின் கூரையோடு பேசியது. ஒவ்வொரு கருவிக்கும் வலையமைப்பில் ஒரு முகவர் மென்பொருள் ஓடியது. கருவி எந்த அறையில் இருக்கிறது என்பதை அந்த முகவர் அறிந்து, செய்திகளை அங்கே திருப்பிவிட்டது. கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வுகூடம் செய்த, உடையில் அணியும் அடையாளப் பட்டியும் அப்படித்தான்: 15 விநாடிக்கு ஒருமுறை தன் எண்ணை மட்டும் கூறும், மிச்சம் எல்லாம் நடுவில் உள்ள மென்பொருளின் வேலை. 1999 இல் சன் நிறுவனம் ஜினி என்ற முறையில் ‘குத்தகை’ என்ற எண்ணத்தைக் கொண்டுவந்தது. வலையில் சேரும் கருவி குறித்த காலத்துக்கு மட்டும் பதியும். புதுப்பிக்காவிட்டால் பெயர் தானே நீங்கும். செத்துப்போன கருவியின் பெயர் பட்டியலில் கிடந்து மற்றவர்களை ஏமாற்றாது. துணுக்காய் வாசகருக்கு 45 நிமிட விதி சொன்னோமே, அதன் வேர் இங்கேதான்.

செய்திட்டத்துக்கு இந்தக் குத்தகைப் பட்டியலையே எடுங்கள். மூன்று ஈஎஸ்பி32, ஒரு பழைய மடிக்கணினி போதும். கருவிகள் சேர வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், வயரைப் பிடுங்கினால் பட்டியலிலிருந்து நீங்க வேண்டும், திரும்பச் சொருகினால் அதே பெயரில் வர வேண்டும். இதைச் சரியாகச் செய்வது, பத்துச் சென்சரை மாட்டி வரைபடம் காட்டுவதை விடக் கடினமானது, மதிப்பும் கூடியது. சந்தேகம் கேட்க அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் உங்கள் வாசலிலேயே இருக்கின்றன.

கிணற்று மோட்டரைப் போனில் போட்டு நிறுத்தும்படி ஈஎஸ்பி32 உம் ரிலே என்ற மின்னால் இயங்கும் சிறு ஆளியும் பூட்டினோம். கரண்ட் போய் வந்த ஓர் இரவில் மோட்டர் தானாக ஓடத் தொடங்கி, கிணறு வற்றியும் ஓடிக் கருகிவிட்டது. நிரலில் பிழை தெரியவில்லை.
— வாசகர், வட்டக்கச்சி

மோட்டர் போனது பணத்தோடு போயிற்று. கிணற்றுக்குள் யாராவது இறங்கி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து, கீழே உள்ளவற்றை முழுமையாகச் செய்யும்வரை போனால் போடுவதை நிறுத்திவையுங்கள்.

நீங்கள் அனுப்பியிருந்த அமைப்பில் ‘மோட்டரைப் போடு’ என்ற கட்டளை ‘தக்கவை’ குறியோடு போகிறது. பிழை அதுதான். கரண்ட் வந்ததும் ஈஎஸ்பி32 மறுபடி இணைந்தது, புரோக்கர் தான் வைத்திருந்த கடைசிக் கட்டளையை நீட்டியது, மோட்டர் ஓடியது. நீர்மட்டத்தைத் தக்கவைக்கலாம். கட்டளையை ஒருபோதும் தக்கவைக்கக் கூடாது. இதே ஆபத்து இன்னொரு வாசலாலும் வரும்: ‘நிலைத்த இணைப்பு’ முறையில் சேர்ந்த கருவிக்கு, அது இல்லாத நேரத்தில் வந்த கட்டளைகளைப் புரோக்கர் வரிசையில் வைத்திருந்து பிறகு கொடுக்கும். ஆகவே மோட்டர்க் கருவி எப்போதும் புது இணைப்பாகவே சேர வேண்டும். எம்கியூடிடி 5 ஐப் பயன்படுத்தினால் கட்டளைக்கு 10 விநாடி ஆயுள் குறியுங்கள்.

கட்டளையின் வடிவத்தையும் மாற்றுங்கள். ‘போடு’ என்று அனுப்பாமல் ‘20 நிமிடம் ஓடு’ என்று அனுப்புங்கள். நேரத்தை ஈஎஸ்பி32 தானே எண்ணி நிறுத்த வேண்டும்; வைஃபை அறுந்தாலும் ராஸ்பெரி பை செத்தாலும் 20 ஆவது நிமிடத்தில் மோட்டர் நிற்கும். கூடுதலாக ஓட வேண்டுமென்றால் மறுபடி கேளுங்கள். ‘விருப்பம்’ ஒரு தலைப்பு, ‘நிலை’ வேறொரு தலைப்பு. நிலையை ரிலேயின் முனையைப் பார்த்துச் சொல்லாதீர்கள். மோட்டர் வயரைச் சுற்றி மாட்டும் மின்னோட்ட சென்சரைப் பார்த்துச் சொல்லுங்கள். ரிலே மூடியும் மோட்டர் ஓடாமல் இருக்கலாம்; ரிலே திறந்த பிறகும் மோட்டர் ஓடலாம்.

ஏன் ஓடலாம் என்றால், அந்த நீலநிற 10 அம்பியர் ரிலே மோட்டருக்கானது அல்ல. ஒரு குதிரைவலு ஒற்றைக்கட்ட மோட்டர் ஓடும்போது 5 அம்பியர் அளவில் எடுக்கும்; தொடங்கும் கணத்தில் அதன் 5 முதல் 7 மடங்கு. சில நூறு தடவைக்குள் ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டலாம். ஒட்டினால் எந்த நிரலாலும் பிரிக்க முடியாது. ரிலே, கொன்டாக்டர் என்ற பெரிய ஆளியின் சுருளை மட்டும் இயக்கட்டும். கொன்டாக்டர் மோட்டரை இயக்கட்டும். அதோடு மோட்டரின் அம்பியருக்கு ஏற்ற ஓவர்லோட் ரிலே. கொன்டாக்டர்ச் சுருளுக்குக் குறுக்கே 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோபரட் எக்ஸ்2 வகைக் கொள்ளளவியும் தொடராகப் போடுங்கள். இது இல்லாவிட்டால் சுருள் நிற்கும் ஒவ்வொரு தடவையும் எழும் மின்னதிர்வு ஈஎஸ்பி32 ஐ மீளத் தொடக்கும்.

ஈஎஸ்பி32 தொடங்கும் கணத்தில் 0, 2, 5, 12, 15 ஆகிய முனைகள் தம்பாட்டில் ஏறி இறங்கும் அல்லது தொடக்கத்தையே குழப்பும். ரிலேயை 25, 26, 27 இல் ஒன்றில் பூட்டுங்கள். உயர் நிலையில் இயங்கும் ரிலேயை வாங்கி, அந்த முனையிலிருந்து நிலத்துக்கு 10 கிலோ ஓம் போடுங்கள். நிரல் தொடங்கும்வரை மோட்டர் அசையாது.

கிணற்றில் ஒரு மிதவை ஆளி, கொன்டாக்டர்ச் சுருளின் வயரிலேயே தொடராக. தண்ணீர் இறங்கினால் மென்பொருளைக் கேளாமல் அது வெட்டும். ரிலேக்கு முன்னால் கையால் திருப்பும் மூன்று நிலை ஆளி: கை, நிறுத்தம், தானியங்கி. கிணற்றில் இறங்குபவர் ‘நிறுத்தம்’ என்று திருப்பினால் மட்டும் போதாது. பிரதான ஆளியை இறக்கிப் பூட்டிய பிறகே இறங்க வேண்டும். மண் இணைப்பும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச்சும் இல்லாத மோட்டர் வீட்டில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். 230 வோல்ட் பகுதியைத் தகுதியுள்ள மின்னியலாளரிடம் கொடுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு வரைபடம் பின்னால் மடிகிறது. சில அளவுகள் 1970 ஆம் ஆண்டில் விழுகின்றன. ஏன்?
— வாசகர், நெடுங்கேணி

ராஸ்பெரி பை 4 இலும் அதற்கு முந்தியவற்றிலும் பற்றரியால் ஓடும் மணிக்கூடு இல்லை. கரண்ட் வந்ததும், தான் கடைசியாகக் கோப்பில் எழுதிவைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் மூன்று மணி நேரம் பின்னால் நிற்கும். இணையம் கிடைத்தால்தான் திருத்தும். ஈஎஸ்பி32 இடம் அந்தக் கோப்பும் இல்லை, அது 1970 இல் தொடங்கும்.

டிஎஸ்3231 மணிக்கூட்டுத் தகடு ஒன்றை ராஸ்பெரி பையில் பூட்டுங்கள். வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவில்தான் பிசகும். கடைகளில் அதிகம் கிடைக்கும் நீலத் தகட்டில், மீள மின்னேற்றும் பற்றரிக்கான சுற்று இருக்கிறது. சாதாரண சிஆர்2032 பற்றரியைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பற்றரி வீங்கும். ‘201’ என்று எழுதிய சிறு மின்தடையைக் கழற்றிவிட்டு, 3.3 வோல்ட் கொடுங்கள். பிறகு ராஸ்பெரி பையையே ஊரின் நேரச் சேவராக்கி, ஈஎஸ்பி32 கள் அதனிடம் நேரம் கேட்கட்டும். நேரம் கிடைக்காத ஈஎஸ்பி32, ‘நேரம் தெரியாது’ என்று சொல்லி வரிசை எண்ணோடு அனுப்பட்டும். வந்து சேர்ந்த நேரத்தை ராஸ்பெரி பை எழுதும்.

தரவுத்தளத்தில் கிரீன்விச் நேரத்தை மட்டும் சேமித்து, திரையில் காட்டும்போது ஐந்தரை மணி கூட்டுங்கள். இலங்கையின் நேரம் மாறாது என்று நினைக்கக் கூடாது. 1996 இல் அது முன்னே தள்ளப்பட்டது, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடம் வன்னியில் பழைய நேரமே ஓடியதும், ஓமந்தையைக் கடக்கும்போது மணிக்கூட்டைத் திருப்பியதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். உள்ளூர் நேரத்தில் சேமித்த பதிவு இப்படியான மாற்றத்தில் குழம்பினால் பிறகு பிரிக்க முடியாது.

குளத்துக்கும் அமைப்பின் கட்டடத்துக்கும் இடையே 3 கிலோமீற்றர், நடுவில் காடு. வைஃபை எட்டாது. குறைந்த வலுவில் நெடுந்தூரம் போகும் லோரா வானொலி எட்டுமா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

எட்டும், உயரத்தைக் கொடுத்தால். 3 கிலோமீற்றருக்கு 433 மெகாஹேர்ட்ஸில் இரு அன்ரனாக்களுக்கும் நடுப்புள்ளியில் அலை பரவும் வெளி ஏறத்தாழ 23 மீற்றர் ஆரம் கொண்டது. அதில் அறுபது வீதமாவது வெறுமையாக இருந்தால் நல்லது. காட்டில் அது கிடைக்காது. ஆனால் குளக்கட்டின் உயரம் ஒரு முனையில் ஏற்கெனவே உதவுகிறது. மற்ற முனையைத் தண்ணீர்த்தாங்கியின் உச்சியில் வையுங்கள். கோடையில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். ஈர இலை அலையை விழுங்கும். மார்கழி மழையில் எட்டுவதுதான் எட்டுவது.

லோராவின் பரவல் எண்ணை (கூட்டினால் செய்தி மெதுவாக, ஆனால் கூடிய தூரம் போகும்) 7 இல் தொடங்கி, செய்திகள் தவறினால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒரு படி ஏறினால் ஏறத்தாழ 2.5 டெசிபெல் கிடைக்கும். ஆனால் வானில் இருக்கும் நேரமும் கிட்டத்தட்ட இரட்டிக்கும், பற்றரியும் அப்படியே. 12 இல் ஒரு சிறு செய்திக்கே ஒரு விநாடிக்கு மேல். அதனால் சொற்களால் அனுப்பாமல் எண்களாக அனுப்புங்கள்: கருவி எண் 1 பைட், வரிசை எண் 2, மட்டம் மில்லிமீற்றரில் 2, வெப்பம் 2, பற்றரி 2. மொத்தம் 9 பைட். கட்டடத்தில் உள்ள வாங்கி இதை விரித்து எம்கியூடிடி தலைப்புகளில் போடட்டும்.

அன்ரனா பூட்டாமல் லோராவுக்கு ஒரு கணமும் மின் கொடுக்காதீர்கள், அனுப்பும் சுற்றே போய்விடும். கால் அலைக் கம்பி 433 க்கு 17.3 சென்ரிமீற்றர். எந்த அலைவரிசையும் எவ்வளவு வலுவும் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

தூண் நடும்போது இரண்டு எச்சரிக்கை. யானை உரசும் பாதையில் மெல்லிய குழாய் நிற்காது; துரிசின் கொங்கிறீற்றோடு சேர்த்துக் கட்டுங்கள். கண்ணிவெடி அகற்றல் முடிந்ததாக உறுதியில்லாத நிலத்தில் ஓர் அடிகூடத் தோண்டாதீர்கள். கிராம அலுவலரிடம் விசாரியுங்கள்.

ராஸ்பெரி பையின் மெமரி கார்ட் அடிக்கடி செத்துப்போகிறது. நல்ல கார்ட் எது?
— வாசகர், மாங்குளம்

கார்டை மாற்றினால் அடுத்த மின்வெட்டுவரை தாங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் அதைக் கொல்கிறது. 12 வோல்ட் 20 அம்பியர்மணி ஈய பற்றரி ஒன்றில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 120 வாட்மணி. ராஸ்பெரி பை 4 சும்மா நிற்கையில் 3 வாட் அளவில் எடுப்பதால், மாற்றியின் இழப்பும் சேர்த்து ஒன்றரை நாளுக்குச் சற்றுக் குறைய ஓடும். பற்றரி 11.8 வோல்ட்டுக்கு இறங்கினால் ராஸ்பெரி பை தானே ஒழுங்காக அணையும்படி வையுங்கள்.

பதிவுகளை கார்டில் வைக்காமல் யூஎஸ்பி எஸ்எஸ்டியில் வையுங்கள். எஸ்கியூலைட்டில் ஒவ்வோர் அளவையும் தனித்தனியே எழுதாமல் ஒரு நிமிடத்து அளவுகளைச் சேர்த்து ஒரே தடவையில் எழுதுங்கள். மொஸ்கிட்டோ தான் தக்கவைத்தவற்றை இயல்பாக 1,800 விநாடிக்கு ஒருமுறைதான் வட்டில் எழுதும். அதை 300 ஆகக் குறையுங்கள். இல்லாவிட்டால் மின்வெட்டில் அரை மணி நேரத்து நிலை போகும்.

வெளிநாட்டில் இருக்கும் மகனும் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் எம்கியூடிடிக்கான 1883 வாசலைத் திறந்தோம். ஆபத்தா?
— வாசகர், வவுனியா

ஆம், இன்றே மூடுங்கள். அந்த வாசலால் போவது எல்லாம் மறைப்பில்லாத எழுத்து, கடவுச்சொல்லும் சேர்த்து. இணையத்தில் திறந்து கிடக்கும் புரோக்கர்களைத் தேடித் திரியும் நிரல்கள் ஓய்வதில்லை. வயர்கார்ட் என்ற தனிவழி மென்பொருளை ராஸ்பெரி பையிலும் மகனின் போனிலும் போடுங்கள். உங்கள் இணைப்புக்கு, வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய பொது முகவரி இல்லாவிட்டால், வெளியே வாடகைக்கு எடுத்த சிறு சேவர் ஒன்றில் வயர்கார்ட்டை நிறுத்தி, ராஸ்பெரி பை அதனோடு போய் இணையட்டும்.

மொஸ்கிட்டோ 2.0 பதிப்பிலிருந்து, நீங்களாகத் திறக்காவிட்டால் அதே கணினியில் உள்ளவற்றோடு மட்டும் பேசும். பலர் அதைத் திறக்கும்போது ‘பெயரில்லாதவரும் வரலாம்’ என்ற வரியையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அதை நீக்கி, ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். மழைமானிக்கு மழைத் தலைப்பில் மட்டும் எழுத அனுமதி. கடவுச்சொற் கோப்பை ஆக்கும் கட்டளையில் ‘சி’ குறியை முதல் தடவை மட்டும் போடுங்கள். இரண்டாம் பெயருக்கும் போட்டால் கோப்பு புதிதாக எழுதப்பட்டு முதற் பெயர் அழியும். மற்றக் கருவிகள் எல்லாம் ஒரே இரவில் வெளியே நிற்பதற்கு இதுவே வழக்கமான காரணம்.

பத்து ஈஎஸ்பி32 வயல்களில் நிற்கின்றன. நிரலை மாற்ற ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டுவர வேண்டுமா?
— வாசகர், பூநகரி

வேண்டாம். ஈஎஸ்பி32 இன் நினைவகத்தை இரண்டு நிரல் பகுதிகளாகப் பிரித்து, ஒன்று ஓட மற்றதில் வைஃபை வழியாகப் புதியதை எழுதலாம். புதிய நிரல் தொடங்கிப் புரோக்கரோடு இணைந்த பிறகே தன்னைச் ‘சரி’ என்று உறுதிசெய்ய வேண்டும். இணைய முடியாமல் மீளத் தொடங்கினால் பழைய நிரலுக்குத் திரும்பும்படி வையுங்கள். இந்தத் திரும்பும் வசதி இயல்பாக இயங்காது, நிரலைத் தொகுக்கும்போது நீங்களே சேர்க்க வேண்டும்.

கிட்டத்தில் உள்ள ஒன்றுக்கு முதலில் அனுப்புங்கள். ஒரு முழு இரவும் பகலும் அது ஓடிய பிறகு மற்றவற்றுக்கு. வெள்ளம் எதிர்பார்க்கும் வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். இப்போது ஓடும் அதே நிரலோடு ஒரு மாற்று ஈஎஸ்பி32, அதற்கான யூஎஸ்பி வயர், கருவிப் பெயர்களும் கடவுச்சொற்களும் எழுதிய கொப்பி ஆகிய மூன்றும் அமைப்பின் அலுமாரியில் பூட்டி இருக்கட்டும். சாவி செயலாளரிடமும் இன்னொருவரிடமும்.